தொண்டுக்கு வந்த வழி

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஒரு மாலை, நம் குடியிருப்பைச் சேர்ந்த பெண்ணொருத்தி கையில் ஒரு தாளோடு என் இல்லத்துக்கு வந்தாள். இளங்கலைத் தேர்வில் நன்கு தேறியவள். சமூகப்பணி முதுகலை வகுப்பில் சேர விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். இத்துறையை நாடி வருவதற்குரிய சொந்தக் காரணம் யாது என்பதை ஒரு பக்க அளவில் எழுதி இணைக்க வேண்டுமென்று கல்லூரியார் கேட்டிருந்தனராம். "மாமா, இதைச் சற்றுத் திருத்திக் கொடுங்கள்" என்று தாளை நீட்டினாள்.

படித்துப் பார்த்தேன். ஏழை எளியவர்பால் இரக்கம், நாட்டுக்கு உழைக்கும் ஆர்வம், பெரியோர் காட்டிய நெறி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அந்தத் தாளில் அவள் இல்லை; அதன் அடியில் எவர் பெயரை இட்டாலும் பொருந்தியிருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? இத்தகைய ஆண்டு மலர்களிலேயே எத்தனையோ பெரியோரைக் குறித்துப் 'பிறவியிலேயே தொண்டுள்ளம் வாய்க்கப் பெற்றவர்' என்று எழுதிப் பக்கத்தை நிரப்பியவன் நான்.

"இவையெல்லாம் இருக்கட்டும்; உண்மையில் இப்படிப்பை நீ ஏன் தேர்ந்தாய்?" என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிய பிறகே வாய் திறந்தாள். அவளுக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, அவள் பாட்டியின் முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை உடன் சென்றிருக்கிறாள். நாகர்கோவில் பக்கத்துப் பழைய தாள்களில் பாட்டியின் பெயர் 'அம்மாள்' என்று முடிந்தது. இங்கே மலையாளத்தில் எழுதப்பட்ட குடும்ப அட்டையில் 'அம்மா' என்று முடிந்தது. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் கொண்டு சென்றால் வேறொன்று குறைந்தது. பாட்டிக்குத் தமிழ் ஒன்றே தெரியும். "சன்னலுக்கு அப்பால் இருந்தவர் மலையாளத்தில் பேசப் பேச, பாட்டி தலையாட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும், மாமா. வீட்டுக்கு வந்து நானே மனு எழுதக் கற்றுக்கொண்டேன். பிறகு எங்கள் வரிசையில் இருக்கும் மற்றவர்களும் வந்து எழுதச் சொன்னார்கள். ஆனால் இது தொண்டுள்ளம் இல்லையே, வெறும் கோபம்தானே? இதைப் போய் எப்படி எழுதுவது?"

அன்று அவளுக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை; இரண்டு நாள் கழித்து வா என்று சொல்லி அனுப்பினேன். கோபத்திலிருந்தோ சொந்தத் துயரத்திலிருந்தோ பிறக்கும் தொண்டு தாழ்ந்ததுதானா? தொண்டு செய்தோர் வரலாறுகளில் அவர்கள் ஆற்றிய செயல்கள் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்வழிக்கு அவர்கள் வந்த காரணமோ பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அந்த ஒற்றை வரிகளைத் தேடி என் அலமாரியில் இருந்த நூல்களைப் புரட்டலானேன். அவ்விரண்டு நாளில் கண்டவையே இக்கட்டுரை.

முதலில் நம் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்கும் நிலையம், முன்னாளில் மகாராஜா கல்லூரி என்று பெயர் பெற்றிருந்தது. அரசரின் மருத்துவராயிருந்த டாக்டர் டி. இ. பூனன் என்பாரின் மகள் மேரி, தந்தையைப் போல் தாமும் மருத்துவராக விரும்பி அக்கல்லூரியில் விஞ்ஞானம் பயில முயன்றார். பெண் என்ற காரணத்தால் அவ்வகுப்பு மறுக்கப்பட்டது. வேறு வழியின்றி வரலாற்றுப் பாடம் எடுத்து 1909-இல் பட்டம் பெற்றார். வரலாற்றைப் பெரிதாக மதிக்கும் என் போன்றோர்க்கு இச்செய்தி சற்று மனத்தாங்கலை உண்டாக்குவதே. அவருக்கு அது விரும்பி ஏற்ற பாடமன்று, கதவு சாத்தப்பட்டதால் கைக்கு எட்டிய பாடம். பிறகு அவர் இலண்டன் சென்று, 1915-இல் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1916-இல் தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றபோது, அவரை எதிர்கொண்டது இன்னொரு சாத்திய கதவு. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனையை நாட அந்நாளையக் குடும்பங்கள் அஞ்சின. வழிவழியாகப் பேறு பார்த்துவந்த மருத்துவச்சிகளோ தம் பிழைப்புப் போய்விடும் என்று ஐயுற்றனர். மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார் அவர்களைப் பழிக்கவில்லை. அம்மருத்துவச்சிகளின் பெண்மக்களையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். கதவுக்கு வெளியே நிறுத்தப்படுவது எத்தகையது என்பதை அறிந்தவர் செய்த செயல் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னர் 1938-இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை ஏற்பட்டது அவர் முயற்சியால்தான். நம்மவர் குடும்பங்களில் அம்மருத்துவமனையை நன்றியோடு நினைத்த முதியோர் சிலர் இருந்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

இங்கே ஒரு சிறு வியப்பையும் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். ஆகஸ்ட் 2-இல் கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் மேரி பிறந்தார். ஆகஸ்ட் 18-இல் சென்னையில் சுப்புலட்சுமி பிறந்தார். இருபது நாள் இடைவெளிக்குள் மூவர்! சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் மூவர் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மூவரையும் தொண்டில் செலுத்தியது அவரவர் வாழ்வில் நேர்ந்த ஒரு தடையோ இழப்போதான் என்பது விளங்கும். சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாயிருந்தபோதே கைம்மை எய்தியவர்; 1911-இல் பட்டம் பெற்றுத் தம்மைப் போன்ற இளங் கைம்பெண்களுக்குச் சென்னையில் இல்லம் அமைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரோ, தம் தாயின் குலத்துப் பெண்கள் தேவதாசி முறையால் பட்ட துன்பத்தை இளமையிலேயே அறிந்தவர். 1930-இல் தங்க இடமின்றி வந்த மூன்று பெண்களைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டதே அவ்வை இல்லத்தின் தொடக்கம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கனன்றுகொண்டிருந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையமாக வடிவெடுத்தது.

இவற்றுள் எதையும் 'பிறவிக் குணம்' என்று சொல்லுதல் இயலாது. ஒரு நாள் இருந்தது. அந்நாளுக்கு முன் ஒருவர், பின் ஒருவர்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் வாழ்வுக்கு வருகிறேன். இது மதுரையில் ஒரு பாதியும் நம் பெருந்தான்னியில் ஒரு பாதியுமாகத் தொடங்கிய வாழ்வு.

பேருந்துத் தொழிலில் பெரும்பெயர் எடுத்த டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தார். அக்கால வழக்கப்படி இளம் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் சௌந்தரராசன் ஒரு மருத்துவர். கொள்ளைநோய் பரவிய வேளையில் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து, அந்நோயே தம்மையும் பற்ற உயிர் நீத்தார். இறக்கும் தறுவாயில், மனைவி கைம்பெண்ணாய் மூலையில் முடங்கிவிடலாகாது, படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார் எனக் கூறுவர். வைதிகக் குடும்பத்தில் அக்காலத்து ஆண்மகன் ஒருவர் இவ்வாறு விரும்பியது பெரிது. அதனினும் பெரிது, பெற்றோர் மகளை மீண்டும் படிக்க அனுப்பியது. செல்வம் நிறைந்த வீடு. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. அகத்தின் ஓர் அறையில் பூசையும் விரதமுமாகக் காலம் கழித்திருந்தால் எவரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார். அதை விட்டுவிட்டுத் தில்லியில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, தம்மினும் இளைய பெண்களோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றார். 1936-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

துயரம் ஒருவரைத் தொண்டில் செலுத்தியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். துயரம் தானே எதையும் செய்வதில்லை. உடற்கூறு நூலை மனப்பாடம் செய்த இரவுகளும், தவறிய பாடத்தை மீண்டும் படித்த நாட்களும் அந்தச் சொல்லில் மறைந்துபோகின்றன. கணவரைக் கொன்ற நோயோடு போராடும் தொழிலையே அவர் தேர்ந்துகொண்டார் என்பதில் ஒரு கோபமும் இருந்திருக்குமன்றோ? நூல்களில் இது எழுதப்பட்டிருக்கவில்லை. நானாக எண்ணிப் பார்க்கிறேன்.

தில்லியில் உடன் பயின்ற சுசீலா நாயரின் நட்பால் காந்தியடிகளின் வட்டத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டாயிற்று. அவ்வட்டத்தில் அவர் கண்டவர்தாம் ஜி. இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் நம் நகரத்தவர். கோட்டைக்கு மேற்கே, நம்முள் பலர் அன்றாடம் கடந்துசெல்லும் பெருந்தான்னியில் 1904-இல் பிறந்தவர். அவர் தொண்டுக்கு வந்த வழி முற்றிலும் வேறானது. அவரை அழைத்துவந்தது துயரமன்று, வினா. சாந்திநிகேதனத்தில் தாகூரின் நிழலில் பயின்ற இளைஞர், 1924-இல் காந்தியடிகள் தில்லியில் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு முடித்து உடல் தேறிவந்த காலத்தில், ஆண்ட்ரூஸ் பெருமகனாரின் துணையால் அவரைச் சந்தித்தார். நாட்டு விடுதலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கலையைப் பற்றிக் கேட்டார். அழகுக்கு உங்கள் வாழ்வில் இடமுண்டா என்பதே அவ்விளைஞரின் கவலை. அடுத்து இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். அதன்பின், திருமணம் என்னும் ஏற்பாட்டுக்கே தாங்கள் எதிரியா என்றும் கேட்டார். அவ்வுரையாடலை மகாதேவ தேசாய் எழுதி, 'யங் இந்தியா' இதழில் அந்த ஆண்டே வெளியிட்டார். இருபது வயது இளைஞனின் துணிவை எண்ணிச் சிரிப்பு வருகிறது. ஆனால் கேட்ட வினாக்கள் அவரை விடவில்லை. மறு ஆண்டே சபர்மதி ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார்.

திருமணம் பற்றிய அந்தப் பழைய வினாவுக்கு ஏறத்தாழப் பதினாறு ஆண்டு கழித்து அவருக்கு மற்றொரு விடை கிடைத்தது. தீண்டாமை ஒழிப்புப் பணியில் ஒருங்கே உழைத்த இராமச்சந்திரனும் சௌந்தரமும் மணம்புரிந்துகொள்ள விரும்பினர். ஒருவர் மலையாளி, மற்றவர் தமிழர், குலமும் வேறு, பெண்ணோ கைம்பெண். வீட்டார் இசையவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் இருக்கச் சொன்னார். அதன்பின்பும் மனம் மாறாதிருந்தால் மணக்கலாம் என்றார். ஓராண்டு சென்றது. மனம் மாறவில்லை. 1940-இல் காந்தியடிகள், கஸ்தூரிபா அம்மையார் முன்னிலையில் மணம் நிறைவேறியது. இந்நாளில் இவ்வாறு ஒரு நிபந்தனை விதித்தால் நம் இளைஞர் எத்தனை நாள் தாங்குவர் என்பதை அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

1944-இல் கஸ்தூரிபா மறைந்ததும், நாட்டுப்புறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அவர் பெயரால் நிதி திரட்டப்பட்டது. அந்நிதியின் தமிழ்நாட்டுப் பணியைச் சௌந்தரம் அம்மையாரிடம் காந்தியடிகள் ஒப்படைத்தார். அப்பணியின் தொடர்ச்சியாக 1947-இல் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளப்பட்டியை அடுத்துச் சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் தோன்றியது. சிறியதாகத் தொடங்கிய மருத்துவப் பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், கிராமப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி, கதர், கைத்தொழில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1956-இல் உயர்கல்விக்கெனத் தொடங்கப்பெற்ற கிராமிய நிலையம் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அம்மையார் சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்வாகி, மத்திய கல்வித் துணையமைச்சராகவும் இருந்தார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். இவை நூல்களில் விரிவாகவே உள்ளமையால் நான் கடந்து செல்கிறேன். 1984-இல் அவர் மறைந்தார்.

கணவரோ முதுமையில் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். நாகர்கோவில் செல்லும் நம்மவர் கடந்துபோகும் நெய்யாற்றின்கரையில், தம் தாய் மாதவித் தங்கச்சியின் பெயரால் 'மாதவி மந்திரம்' அமைத்து அங்கே பணியாற்றி, 1995-இல் மறைந்தார். உலகெங்கும் சுற்றிக் காந்திய நெறியைப் பேசிய ஒருவர், இறுதியில் அமைத்த நிலையத்துக்குத் தம் தலைவர் பெயரையோ ஆசான் பெயரையோ இடாமல் தாயின் பெயரை இட்டார். அவர் தொண்டுக்கு வந்ததற்கு, நூல்களில் எழுதப்படாத ஒரு காரணம் அந்தப் பெயர்ப்பலகையில் இருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இப்படிச் சொந்தக் காரணத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் எவரேனும் உண்டா என்று தேடினேன். ஒருவர் உண்டு, அவர் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்காவில் சிக்காகோ நகரின் ஏழைகள் நடுவே 1889-இல் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தை நிறுவிய ஜேன் ஆடம்ஸ் அம்மையார். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், தந்தையை இழந்தார், மருத்துவப் படிப்பைத் தொடங்கி, உடல் நலமின்மையால் கைவிட்டார், ஆண்டுக்கணக்கில் என்ன செய்வதென்று அறியாமல் தவித்தார். இலண்டனில் டாயின்பி ஹால் என்னும் தொண்டு இல்லத்தைக் கண்ட பிறகே அவருக்கு வழி தெளிவாயிற்று. 1892-இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், இத்தகைய இல்லங்கள் ஏழைகளுக்கு மட்டுமல்லாமல், படித்துவிட்டுப் பயனின்றித் தவிக்கும் தம் போன்ற இளையோருக்கும் தேவை என்று அவர் விளக்கினார். கொடுப்பவனுக்கும் ஒரு பசி உண்டு என்பதைச் சபையில் நின்று சொல்லும் துணிவு எல்லார்க்கும் வாராது. 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தொண்டு ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் ஆனது அதன் பின்னர்தான். நம் நாட்டில் 1936-இல், சௌந்தரம் அம்மையார் பட்டம் பெற்ற அதே ஆண்டில், பம்பாயில் தாதா அறநிலையத்தார் சமூகப்பணிக்கென முதற் கல்லூரியை ஏற்படுத்தினர். நாக்பாடாப் பகுதியில் ஏழைகளிடையே பணியாற்றிவந்த கிளிஃபர்டு மான்ஷார்ட்டு என்ற அமெரிக்கர் அதன் முதல் தலைவர். சென்னையில் 1952-இல் இப்படிப்புக்குக் கல்லூரி கண்ட மேரி கிளப்வாலா சாதவ் அம்மையார், உதகையில் பிறந்த பார்சிப் பெண்மணி. 1935-இல் கணவரை இழந்து, சிறு மகனோடு தனித்து நின்ற நாட்களில்தாம் சேவைக் குழுவின் பணிகளில் முழுமூச்சாக இறங்கினார். நம் திருவனந்தபுரத்தில் 1963-இல் தோன்றிய லயோலாக் கல்லூரியும் இவ்வழியில் வந்ததே. விண்ணப்பத்தோடு சொந்தக் காரணத்தை எழுதச் சொல்வது, அழகிய சொற்களைக் கேட்பதற்காக அன்று என்றே நான் கருதுகிறேன். துயரமும் கோபமும் உள்ள ஒருவர், பிறர் துயரத்தைக் கையாளும்போது தம்முடையதை அதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. தம் காரணத்தை அறியாதவர்க்கு அக்குழப்பம் எளிதில் நேரும். தம் பாட்டியின் வழக்கையே ஒவ்வொரு முதியவளிடமும் வாதாடுகிறவரால், எதிரில் நிற்கும் முதியவள் சொல்வதைக் காதில் வாங்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அப்பெண் வந்தாள். நான் படித்தவற்றையெல்லாம் சொன்னேன். அவள் பெரிதும் கேட்டது சௌந்தரம் அம்மையாரைப் பற்றித்தான். "அவர்கள் வீட்டில் அவ்வளவு வசதி இருந்தும் ஏன் மாமா கிராமத்துக்குப் போனார்கள்?" என்று கேட்டாள். எனக்கு முழுமையாகத் தெரியாது என்றேன். அவள் தாயார் மட்டும், வாயிலில் நின்றபடியே, "இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள், அண்ணா" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அதிகம் இராது என்று ஒளிக்காமல் சொன்னேன்.

முதல் தாளை அவள் கிழிக்கவில்லை, மடித்து வைத்துக்கொண்டாள். புதிதாக எழுதிய பக்கத்தை அடுத்த நாள் காட்டினாள். பாட்டியின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்த கதையில் தொடங்கியிருந்தது. கோபம் என்ற சொல்லையும் விடாமல் எழுதியிருந்தாள். ஒரே ஓர் ஆண்டுக் கணக்குத் தவறாயிருந்தது; அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டில் பயில்கிறாள். களப்பணி இல்லாத சனிக்கிழமை மாலைகளில், ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, நம் சங்க நூலகத்தின் பின்னறையில் அமர்ந்து, மலையாளத்தில் மனு எழுத இயலாத முதியோர்க்கு எழுதித் தருகிறாள். வருவோர் குடும்ப அட்டையையும், பழைய தமிழ்த் தாள்கள் இருப்பின் அவற்றையும், தலைக்கு இரண்டு நகலோடு கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறாள்.